தற்காப்பு உத்திகள்: ஒரு பக்கம் போதுமா, இரண்டு பக்கமும் பழக வேண்டுமா?

நீலப்பட்டை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்று கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று வந்துவிட்டது.

நான்கு வருடமாகத் தற்காப்பு வகுப்புக்குப் போகிறேன். மணிக்கட்டுப் பிடியிலிருந்து விடுபடுவது, கழுத்துப் பிடியை உடைப்பது, ஓங்கி வரும் குத்தைத் தட்டிவிட்டு உள்ளங்கையால் அடிப்பது, பின்னாலிருந்து கட்டிப் பிடித்தால் உடம்பைத் தாழ்த்தி வெளியே வருவது என்று சுமார் இருபது உத்திகள் தெரியும். எல்லாமே வலது பக்கத்தில் பழகியவை. பார்ட்னர் வலது கையால் என் வலது மணிக்கட்டைப் பிடிப்பார், நான் வலது கையை விடுவித்து வலது கையாலேயே முடிப்பேன். ஆயிரக்கணக்கான முறை செய்திருப்பேன்.

இரண்டு மாதத்துக்கு முன் படியில் வழுக்கி விழுந்து வலது தோளில் அடிபட்டது. மூன்று வாரம் கையைத் தூக்கிக் கட்டியிருந்தேன். கட்டைப் பிரித்ததும், வலது கைக்கு வேலை கொடுக்காமல் இடது கையால் மட்டும் செய்யலாம் என்று வகுப்புக்குப் போனேன். பார்ட்னர் இடது மணிக்கட்டைப் பிடித்தார். வழக்கம்போல் கையை வெளிப்பக்கம் சுழற்றினேன். பிடி விடவில்லை, இன்னும் இறுகியது. மறுபடி சுழற்றினேன். அதே கதை. அப்புறம் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான்கு வருடம் பழகியது எங்கே போனது என்று புரியவில்லை. அன்று இரவு தூக்கமே வரவில்லை.

மாஸ்டரிடம் கேட்டேன். அவர் சொன்னது இதுதான்: "வாரத்துக்கு மூன்று மணி நேரம்தான் நமக்குக் கிடைக்கிறது. அதை இரண்டாகப் பிரித்தால் இரண்டு பக்கமும் அரைகுறையாக நிற்கும். தாக்க வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் வலக்கைக்காரர்கள். ஒரு பக்கம் உறுதியாக இருந்தால் போதும்." அவர் மீது எனக்கு மரியாதை உண்டு, அவர் சொல்வதில் நியாயமும் தெரிகிறது. ஆனாலும் அன்று என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றதை மறக்க முடியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாம் சுற்று எழுதியது:

உங்கள் மாஸ்டர் பக்கம் நான் நிற்கிறேன், நண்பரே. பாக்ஸிங் ஆள் நான், அதனால் அதை வைத்தே சொல்கிறேன்.

வலக்கைக்காரர் இடது காலை முன்னால் வைத்து நிற்பார். முன்னால் இருக்கும் இடது கையால் போடும் வேகமான நேர்க்குத்து ஜாப், வலது கை பின்னாலிருந்து வரும் கனமான அடி. இடக்கைக்காரர் இதற்கு நேர்மாறாக நிற்பார், அவரைச் சவுத்பா என்போம். பெரும்பாலானவர்கள் ஒரே நிலையில் நின்றே காலத்தை ஓட்டிவிடுகிறார்கள். ஒரு நிலையில் தோள், இடுப்பு, குதிகால் எல்லாம் ஒன்றாகத் திரும்பி அடியில் கனம் ஏறவே வருடக்கணக்கில் ஆகும். அதை மறுபக்கம் மாற்றினால் வீட்டை இடித்துத் திரும்பக் கட்டுவது மாதிரிதான்.

மார்வின் ஹாக்லரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் சண்டை போடத் தெரிந்த அபூர்வமான வீரர், அவருடைய பலம் சவுத்பா நிலை. 1987 ஏப்ரல் 6 அன்று சுகர் ரே லெனர்டுடன் மோதியபோது ஆரம்பச் சுற்றுகளில் அந்த நிலையை விட்டுவிட்டு இடது காலை முன்வைத்து நின்றார். அந்தச் சுற்றுகள் கையை விட்டுப் போயின. பிறகு தன் பழைய நிலைக்கு வந்து நெருக்கினார், ஆனால் நடுவர்கள் ஒருமித்துச் சொல்லாத தீர்ப்பில் தோற்றார். அவ்வளவு பெரிய வீரருக்கே பக்கம் மாற்றியது விலையாக முடிந்தது. வாரத்தில் மூன்று மணி நேரம் பழகும் நமக்கு எப்படி?

இடக்கைக்காரி எழுதியது:

மூன்றாம் சுற்று அண்ணா, நீங்கள் சொல்வது ரிங்குக்குள் சரி. ரிங்கில் எதிராளி யார், எந்தக் கை என்று மாதக்கணக்கில் முன்பே தெரியும். மணி அடித்தால்தான் ஆரம்பம். நீலப்பட்டை கேட்பது அது இல்லையே.

நான் பிறவியிலேயே இடக்கை. வகுப்பில் மாஸ்டர் வலது கையால் செய்து காட்டுவார், எல்லோரும் அப்படியே செய்வார்கள், நான் மட்டும் மனசுக்குள் திருப்பிப் போட்டுக்கொண்டு செய்ய வேண்டும். முதல் ஒரு வருடம் திருப்பிச் செய்ய விடவில்லை. "எல்லோரும் செய்கிற மாதிரி செய்மா" என்றார்கள். சரி என்று வலது கையால் கற்றேன், தனியாக நின்று இடது கையால் செய்து பார்த்தேன். இன்று வகுப்பில் இரண்டு பக்கமும் தடுமாறாமல் செய்கிற ஒரே ஆள் நான்தான். திறமை என்று சொல்ல மாட்டேன். எனக்கு வேறு வழி இல்லை, அவ்வளவுதான்.

ஒன்று கவனித்திருக்கிறேன். என்னுடன் ஜோடி சேரும் ஒவ்வொருவரும் முதல் பத்து நிமிடம் திணறுவார்கள். நான் இடது கையால் சட்டையைப் பிடித்தால் அவர்கள் கை தானாக மறுபக்கம் போய்க் காற்றைத் தட்டும். உலகத்தில் சுமார் பத்தில் ஒருவர் இடக்கை. பத்தில் ஒன்று என்பது ஒதுக்கிவிடக்கூடிய எண்ணிக்கை இல்லை. வலக்கைக்காரர்கூட வலது கையில் எதையாவது வைத்துக்கொண்டு இடது கையால் பிடிக்கலாம்.

நீலப்பட்டை எழுதியது:

அக்கா, "காற்றைத் தட்டும்" என்றீர்களே, அன்று நான் செய்தது அதேதான். ஆனால் ஒரு சந்தேகம். என் பார்ட்னர் இடது கையால் பிடிக்கவில்லை. எப்போதும்போல வலது கையால்தான் பிடித்தார். என் கை மட்டும்தான் மாறியது. அப்படியும் ஏன் வேலை செய்யவில்லை?

பாய் விரிப்பவன் எழுதியது:

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது தம்பி. பதினான்கு வருடமாகக் கற்றுத் தருகிறேன். இரண்டு பக்கமும் பழகுகிறோம் என்று சொல்லும் வகுப்புகளிலும் இதைப் பலர் கவனிப்பதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். படித்துக்கொண்டே பக்கத்தில் ஒருவரை நிறுத்திச் செய்து பாருங்கள்.

எந்தப் பிடியிலும் பலவீனமான இடம் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் வாய்தான். விடுபடுவது என்றால், நம் முன்கையின் மெல்லிய விளிம்பை அந்த வாய்க்கு நேராகத் திருப்பி, முழங்கையை அவர் பக்கம் கொண்டுபோய், அந்த வழியாகக் கையை உருவுவது. இதுவரை சரியா?

இப்போது அவர் வலது கையால் உங்கள் வலது மணிக்கட்டைப் பிடிக்கிறார். அவர் கை குறுக்கே வருகிறது. அவர் உள்ளங்கை உங்கள் கையின் உள்பக்கத்தில் படியும், பிடியின் வாய் வெளிப்பக்கம் பார்க்கும். ஆகவே வெளியே உருவினால் விடும். நீங்கள் நான்கு வருடம் பழகியது இது.

அவர் அதே வலது கையால் உங்கள் இடது மணிக்கட்டைப் பிடிக்கிறார். இப்போது கை குறுக்கே வரவில்லை, நேராக வருகிறது. அவர் உள்ளங்கை உங்கள் கையின் வெளிப்பக்கத்தில் படிகிறது, வாய் உள்பக்கம், உங்கள் வலது தோள் பக்கம் பார்க்கிறது. நீங்கள் வெளியே சுழற்றியபோது அவர் உள்ளங்கையைத்தான் தள்ளிக்கொண்டிருந்தீர்கள். அங்கே வழியே கிடையாது, பிடி இறுகத்தான் செய்யும். கையை எதிர்த் தோள் பக்கம் உருவியிருக்க வேண்டும்.

பார்த்தீர்களா, உங்கள் இடது கைக்குத் தேவைப்பட்டது வலது கை செய்ததன் கண்ணாடிப் பிம்பம் இல்லை, வேறொரு அசைவு. கண்ணாடிப் பிம்பம் வேண்டுமென்றால் அவரும் கையை மாற்றி இடது கையால் உங்கள் இடது மணிக்கட்டைப் பிடித்திருக்க வேண்டும். அவருடைய இரண்டு கை, உங்களுடைய இரண்டு கை, ஆக நான்கு பிடிகள். உங்கள் வகுப்பு அதில் ஒன்றைப் பழகியிருக்கிறது.

இதில் இன்னொன்றையும் யோசியுங்கள். முகத்துக்கு முகம் நிற்கும்போது அவருடைய வலது கைக்கு நேர் எதிரே இருப்பது உங்கள் இடது கைதான். பெரும்பாலான தாக்குபவர்கள் வலக்கைக்காரர்கள் என்பதே உங்கள் மாஸ்டருடைய வாதம். அப்படியென்றால் அதிகம் மாட்டப்போவது உங்கள் இடது மணிக்கட்டு. அவருடைய வாதத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் இடது பக்கத்தைத்தான் முதலில் பழகியிருக்க வேண்டும்!

கால் விஷயம் இதைவிட முக்கியம். வலது கைக் குத்து வரும்போது உங்கள் இடப்பக்கம் ஒரு அடி வைத்தால் அவர் கைக்கு வெளியே போய்விடுவீர்கள், அவருடைய இடது கை உங்களுக்கு எட்டாது. இதையே ஆயிரம் முறை பழகி, ஒருநாள் இடது கைக் குத்து வந்தால் கால் என்ன செய்யும்? பழகியபடி இடப்பக்கமே போகும். போய் நிற்கும் இடம் அவருடைய இரண்டு கைகளுக்கும் நடுவில், வலது கை காத்திருக்கும் இடத்தில். ஒரு பக்கப் பழக்கம் மறுபக்கத்தில் சும்மா பயன்படாமல் போவதோடு நிற்காது, உங்களை ஆபத்தான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். இதற்காகவே கால் அடியை, அதாவது காலை எடுத்து வைப்பதை, இரண்டு பக்கமும் பழகாத ஒருவரை நான் அடுத்த நிலைக்கு அனுப்புவதில்லை.

மூன்றாம் சுற்று எழுதியது:

நான்கு பிடி விளக்கம் நன்றாக இருந்தது சார். மனைவியை நிறுத்திச் செய்து பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே இருக்கிறது.

ஆனால் என்னுடைய கவலை இன்னும் தீரவில்லை. ஹிக் என்ற உளவியலாளர் 1952இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. விளக்கு எரிந்தால் அதற்குரிய விசையை அழுத்த வேண்டும். விளக்குகளின் எண்ணிக்கை கூடக் கூட, கை அசைய ஆரம்பிக்கும் நேரமும் கூடியது. தெரிவுகள் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே அளவு நேரம் சேர்ந்தது. ஒரு பிடிக்கு நான்கு விடை என்று மண்டையில் ஏற்றினால், நிஜமாக ஒருவன் பிடிக்கும் நேரத்தில் "இது எந்தப் பிடி" என்று யோசித்துக்கொண்டு நிற்க மாட்டோமா? ஒன்றே ஒன்று தெரிந்தவன் உடனே செய்துவிடுவான். தப்போ சரியோ, அசைந்துவிடுவான்.

பாய் விரிப்பவன் எழுதியது:

நியாயமான கேள்வி. நான்கு தனித்தனி உத்திகளாகக் கற்றுத் தந்தால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும், வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். "நம்பர் மூன்று, நேர்ப்பிடி, இடது" என்று பெயர் சொல்லிச் சொல்லிப் பழகியவர்கள் பிடித்தவுடன் மனசுக்குள் பட்டியலைப் புரட்டுவார்கள்.

ஆகவே நான் நான்கு என்று சொல்லித் தருவதே இல்லை. இங்கே எழுத்தில் விளக்க வேண்டியிருந்ததால் பிரித்தேன். வகுப்பில் ஒரே வாக்கியம்தான்: கட்டைவிரல் எங்கே இருக்கிறதோ அந்த வழியாக வா. கால் அடிக்கும் ஒரே வாக்கியம்: வருகிற கைக்கு வெளியே போ. விதி ஒன்று, பக்கம் இரண்டு. கண்ணை மூடச் சொல்லிவிட்டு மணிக்கட்டைப் பிடிப்பேன். தோலில் கட்டைவிரல் எங்கே அழுத்துகிறது என்று உணர்ந்து கையை உருவ வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் யோசனை போய்விடுகிறது. எந்தத் தூண்டலுக்கு எந்த அசைவு என்பது இயல்பாகப் பொருந்தினால், தெரிவுகள் கூடினாலும் தாமதம் அவ்வளவாகக் கூடுவதில்லை என்பதும் ஹிக்குக்குப் பின்னால் வந்த சோதனைகளில் தெரிந்த விஷயம்தான்.

ஒன்று தெரிந்தவன் உடனே அசைவான் என்றீர்கள். நீலப்பட்டையும் அன்று உடனேதான் அசைந்தார். தவறான பக்கம்.

கம்பு சுற்றி எழுதியது:

சிலம்பம் பழகுகிறவன் நான். எங்களுக்கு இந்தக் கேள்வியே எழுவதில்லை. கம்பைச் சுற்ற ஆரம்பித்தால் அது உடம்பின் வலப்பக்கமும் இடப்பக்கமும் மாறி மாறி வந்தே ஆக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சுற்றினால் மறுபக்கம் திறந்து கிடக்கும். ஆசான் காலடி சொல்லித் தரும்போதும் வலது ஒன்று, இடது ஒன்று என்று சேர்த்தேதான் சொல்வார். வெறும் கையில் குத்துவரிசை போடும்போது கை கொஞ்சம் பிசகினாலும் கால் இரண்டு பக்கமும் தானாகப் போய்விடுகிறது. சார் கால் முக்கியம் என்று சொன்னதைப் படித்ததும் இதுதான் நினைவுக்கு வந்தது.

வெள்ளைக் கிமோனோ எழுதியது:

ஜூடோவிலிருந்து இரண்டு வரி. ஜூடோவின் தலைமைப் பள்ளியான கோடோகனில் நாகே நோ கட்டா என்று வரிசை மாறாமல் செய்து காட்டும் பயிற்சி ஒன்று உண்டு, அதில் எதிராளியை எறியும் வீச்சுகள் மொத்தம் 15. ஒவ்வொன்றையும் வலம் ஒரு முறை, இடம் ஒரு முறை செய்து காட்ட வேண்டும். ஆனால் போட்டியில் பார்த்தால் அநேகமாக எல்லோரும் தனக்கென ஒரு பக்கப் பிடியோடுதான் வருகிறார்கள். கட்டா ஒன்று சொல்கிறது, போட்டி வேறொன்று செய்கிறது என்று நான் ரொம்ப நாள் நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. எறிவதற்கு ஒரு பக்கம் வைத்துக்கொள்ளலாம். எறியப்படும்போது பக்கத்தை முடிவு செய்வது நீங்கள் இல்லையே. விழப் பழகும் உகேமியை இரண்டு பக்கமும் சமமாகச் செய்யாதவரை நான் பாயில் ஏற்றுவதே இல்லை. நீலப்பட்டை தம்பி, நீங்கள் படியில் விழுந்தது வலது தோள் மேல் என்றீர்கள். விழுந்து பழகியது எந்தப் பக்கம்?

நீலப்பட்டை எழுதியது:

எங்கள் வகுப்பில் விழப் பழகுவதும் வலது பக்கம் மட்டும்தான் சார். அன்று விழும்போது வலது கை ரெயிலிங்கைப் பிடிக்கப் போய்விட்டது. அதனால் பழகிய பக்கத்திலேயே விழுந்தும் தோள் நேராக அடிபட்டது. இடது பக்கம் சாய்ந்து உருண்டிருந்தால் என்று யோசிக்கிறேன். ஆனால் அது எனக்குத் தெரியவே தெரியாது.

மூட்டும் தசையும் எழுதியது:

பிசியோதெரபி என் தொழில். மருத்துவ ஆலோசனை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் தோளைப் பார்த்த மருத்துவர் சொல்வதுதான் முதலில்.

நீலப்பட்டை இடது கையால் பழக வந்தது மிக நல்ல முடிவு, அது இடது கைக்கு மட்டும் நல்லது இல்லை. 1894இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்சர் என்பவரும் உடன் இருந்தவர்களும் ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சியே பெறாத மறு கையும் முன்னேறியிருந்தது. தசை வளர்ந்ததால் வரும் பலன் இல்லை இது, கட்டளையிடும் மூளையும் நரம்பும் கற்றுக்கொள்வதால் வருவது. இன்றும் ஒரு கையில் மாவுக்கட்டு இருக்கும்போது மறு கைக்குப் பயிற்சி கொடுப்பது உண்டு, கட்டுக்குள் இருக்கும் கை இழக்கும் பலம் குறையும் என்பதால். முழுப் பலனும் மறுபக்கம் போய்விடாது, ஒரு பங்குதான் போகும். ஆனாலும் இடது கைக்குச் செலவழிக்கும் நேரம் வலது கையிடமிருந்து திருடியது என்ற கணக்கு சரியில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரே பக்கம் ஆயிரக்கணக்கில் குத்தி, ஒரே பக்கம் இடுப்பைத் திருப்பிப் பழகியவர்கள் என்னிடம் வருகிறார்கள். வலது தோளின் முன்பக்கம் இறுகியிருக்கும், இடுப்பு ஒரு பக்கம் மட்டும் தாராளமாகத் திரும்பும். அவர்களிடம் நான் முதலில் சொல்வது, பழகுவதை நிறுத்தாதீர்கள், பக்கத்தை மாற்றுங்கள் என்பதுதான்.

ஒரு வேண்டுகோள். புதிய பக்கத்தில் முதல் நாளே பழைய வேகத்தில் குத்தாதீர்கள். வலது மணிக்கட்டு வருடக்கணக்கில் பழகிய அழுத்தம் அது. இடது மணிக்கட்டு கொஞ்சம் வளைந்து பேடில், அதாவது குத்திப் பழகப் பார்ட்னர் பிடிக்கும் மெத்தையில், பட்டால் சுளுக்கு நிச்சயம்.

இரவுப் பணி எழுதியது:

நான் இங்கே எழுதும் முதல் பதிவு. படித்துக்கொண்டே வந்தவள், ஒன்று சொல்லத் தோன்றியது.

வேலை முடிந்து இரவு பதினொன்றுக்கு மேல்தான் வீட்டுக்கு நடப்பேன். ஒரு நாள் பின்னாலிருந்து ஒருவன் வந்து என் வலது முழங்கைக்கு மேலே பிடித்தான். அந்தக் கையில் போன், அதே தோளில் பை. வகுப்பில் வலது கையில் எதையாவது வைத்துக்கொண்டு நான் பழகியதே இல்லை. கத்தினேன், அது ஒன்றுதான் நான் சரியாகச் செய்தது. இடது கை பக்கத்தில் சும்மாவே தொங்கிக்கொண்டிருந்தது. கதவு ஒன்று திறந்தது, அவன் விட்டுவிட்டு ஓடிவிட்டான்.

பிறகு வகுப்பில் மாஸ்டரிடம் சொல்லி, பையையும் போனையும் வைத்துக்கொண்டே பழக ஆரம்பித்தோம். வலது கை நிறைந்திருக்கும்போது இடது உள்ளங்கையால் முகத்தை நோக்கி ஒரு தள்ளு, உடனே விலகி ஓட்டம். அழகான உத்தி எல்லாம் இல்லை. பையை இப்போது இடது தோளில் மாட்டுகிறேன், ஆனாலும் இரண்டு விதமாகவும் பழகுகிறேன். எந்தக் கை காலியாக இருக்கும் என்று அந்த நேரத்தில்தான் தெரியும்.

மூன்றாம் சுற்று எழுதியது:

இதைப் படித்து நிறைய யோசித்தேன், அம்மா. நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்கள் என்பதில் நிம்மதி. நான் ரிங்கை வைத்து மட்டும் பேசிவிட்டேன். ரிங்கில் யாரும் கையில் பையோடு வருவதில்லை.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பலமான கையின் பலமான அடியை நீர்த்துப்போக விடாதீர்கள். இரண்டு பக்கமும் என்று சொல்லிக்கொண்டு இரண்டு மெல்லிய அடிகளோடு நிற்பதில் பயனில்லை.

பாய் விரிப்பவன் எழுதியது:

அதில் உங்களோடு நான் முழுக்க உடன்படுகிறேன். எண்ணிக்கையில் சமம் வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. விழுவது, கால் அடி, முகத்தை மூடுவது, பிடியிலிருந்து விடுபடுவது ஆகிய நான்கிலும் பக்கத்தைத் தேர்ந்தெடுப்பவர் எதிராளி, ஆகவே இரண்டு பக்கமும் கட்டாயம். அடிப்பதில் தேர்வு நம்முடையது. அங்கே பலமான கைக்கு அதிக நேரம் கொடுங்கள், மறு கைக்கு எளிமையான ஒன்றே ஒன்றைக் கொடுங்கள். உள்ளங்கை அடி போதும்.

நீலப்பட்டைக்கு நடைமுறையில் சில சொல்கிறேன். வகுப்பு ஆரம்பத்தில், உடம்பும் மனசும் புதிதாக இருக்கும்போதே இடது பக்கத்தைச் செய்யுங்கள். கடைசிப் பத்து நிமிடம் என்று தள்ளி வைத்தால் அது ஒருநாளும் நடக்காது. முதல் வாரம் மெதுவாக, தனித்தனியாக. பிறகு கலந்துவிடுங்கள். வலது இருபது, இடது இருபது என்று செய்யாமல் பார்ட்னர் சொல்லாமல் மாற்றி மாற்றிப் பிடிக்கட்டும். வகுப்பில் சொதப்பலாகத்தான் தெரியும், மனசு சோர்ந்துபோகும். 1979இல் ஷே, மார்கன் என்ற இருவர் செய்த ஆய்வில் இதையே பார்த்தார்கள். கை அசைவுகளைக் கலந்து பழகியவர்கள் பழகும் நேரத்தில் பின்தங்கினார்கள், பத்து நாள் கழித்துச் சோதித்தபோது முன்னால் நின்றார்கள்.

பார்ட்னரையும் கவனியுங்கள். இடது கையால் குத்தச் சொன்னால் வலக்கைக்காரர் குத்த மாட்டார், தள்ளுவார். கை மெதுவாக, நேராக, கனமில்லாமல் வரும். அதைத் தட்டிவிட்டு இடது பக்கம் எனக்கு வந்துவிட்டது என்று நாம் நம்பிவிடுவோம். உங்கள் வகுப்பில் இடக்கைக்காரர் ஒருவர் இருந்தால் அவரை விடாதீர்கள்.

இடக்கைக்காரி எழுதியது:

அந்தக் கடைசி வரிக்கு நன்றி சார். வகுப்பில் என்னை "குழப்பும் ஆள்" என்று ஒதுக்கி வைத்த நாட்கள் உண்டு. இப்போது ஜோடி சேர வரிசையில் நிற்கிறார்கள்.

நீலப்பட்டை எழுதியது:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் மாஸ்டர். நான்கு பிடி விஷயத்தை வாயால் சொல்லாமல் செய்தே காட்டினேன். இடது மணிக்கட்டைப் பிடிக்கச் சொன்னேன், வெளியே சுழற்றினேன், விடவில்லை. உள்ளே உருவினேன், விட்டது. அவர் மறுபடி பிடித்தார். மறுபடி. ஐந்தாறு முறை ஒன்றும் பேசாமல் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதைப் புதன்கிழமை எல்லோருக்கும் செய்து காட்டு" என்றார். இப்போது வகுப்பின் முதல் இருபது நிமிடம் இடது பக்கம்தான். விழுவதும் இரண்டு பக்கமும்.

எதிர்பாராத ஒன்று நடந்தது, அதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன். இடது உள்ளங்கை அடி எவ்வளவு செய்தும் வெறும் கையாகத்தான் போனது, பேடு அசையவே இல்லை. வலது கை எப்படிச் செய்கிறது என்று பார்த்து இடது கைக்குச் சொல்லித் தரலாம் என்று நினைத்தேன். தோளுக்கு மருத்துவர் அனுமதி கொடுத்திருந்தார், அதனால் வலது பக்கம் மெதுவாக ஒரு முறை செய்து பார்த்தேன். சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. எது முதலில் அசைகிறது, கையா, இடுப்பா, காலா? நான்கு வருடம் செய்த ஒன்றை எனக்கே விளக்கத் தெரியவில்லை. போனை ஒரு ஸ்டூல் மேல் சாய்த்து வைத்து வீடியோ எடுத்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வலது பக்கம் கை கிளம்பும் முன்பே பின்னங்காலின் குதிகால் தரையை விட்டு எழும்பி வெளியே திரும்புகிறது, இடுப்பு அதைப் பின்தொடர்கிறது, கை கடைசியில்தான் வருகிறது. இடது பக்கம் குதிகால் தரையில் ஒட்டியே கிடந்தது.

மறுநாள் இடது பக்கம் கையை மறந்துவிட்டுக் குதிகாலை மட்டும் திருப்பினேன். ஒரு மணி நேரம் வெறும் குதிகால். அதற்கடுத்த வகுப்பில் பேடு பிடித்திருந்த இடக்கைக்காரத் தோழர் ஒரு அடி பின்னால் போனார். ஆமாம், எங்கள் வகுப்பிலும் ஒருவர் இருக்கிறார்! நான்கு வருடமாக வலது கையாலேயே செய்துகொண்டிருந்திருக்கிறார். யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

வீடியோவில் இன்னொன்றும் தெரிந்தது. வலது பக்கம் அடிக்கும்போது என் இடது கை முகத்தை விட்டு இடுப்புக்கு இறங்கிவிடுகிறது. இடது பக்கம் அடிக்கும்போது வலது கை முகத்திலேயே நிற்கிறது, ஏனென்றால் இடது பக்கத்தைக் கவனித்துக் கவனித்துக் கற்றேன். வலது பக்கத் தவறு நான்கு வருடம் ஊறியது. அதை மாற்ற என்ன செய்யலாம்? மூன்றாம் சுற்று அண்ணா, இது உங்கள் ஏரியா.

மூன்றாம் சுற்று எழுதியது:

டென்னிஸ் பந்து ஒன்றை எடுத்து இடது பக்கத் தாடைக்கும் கைக்கும் நடுவில் வைத்து மெல்ல அழுத்திக்கொள்ளுங்கள். வலது கையால் அடிக்க வேண்டும், பந்து விழக் கூடாது. முதல் நாள் பத்துக்குப் பத்தும் விழும். விழட்டும். வேகம் வேண்டாம், நிழல் குத்து மட்டும். இரண்டு வாரம் கழித்து வந்து எத்தனை விழுந்தது என்று சொல்லுங்கள்.

நானும் இங்கே பக்கம் மாற்றிப் பந்து வைத்துப் பார்க்கிறேன், தம்பி.